எல்லம்மாவுக்குப் போன மோர்

சொர்ணக்காவிடம் ஒன்று கேட்டால் ஒன்று மட்டும் கிடைக்காது. ஒரு கரண்டி ரசம் வாங்கிவரப் போனால் தூக்கு நிறையக் குழம்பும், ஒரு பொட்டலம் வடகமும், வீட்டுக்காரரைப் பற்றி நாலைந்து புகாரும் சேர்ந்தே வரும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்கள் யாரும் ஜெயித்ததில்லை. நானும் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். பிறகு பெரிய பாத்திரமாக எடுத்துக்கொண்டு போகப் பழகிவிட்டேன்.

பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளம் முழுக்க அவளுடைய மெஸ். கார்மெண்ட்ஸுக்குப் போகும் பெண்களும், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து தனியாக அறை எடுத்திருக்கும் பையன்களும் அவள் கையால்தான் சாப்பிடுகிறார்கள். அவளும் அவள் கணவர் சீனுவும் கிருஷ்ணகிரிப் பக்கம் பர்கூரிலிருந்து வந்தவர்கள். சீனு அண்ணன் லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறார். நான் திருப்பத்தூர்க்காரி, ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை போய்விடும். வீட்டுக்கு வந்தால் சொர்ணக்கா பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் சிநேகம் அப்படித்தான் நிலைத்திருக்கிறது.

எல்லம்மா எங்கள் தெருவுக்கு வந்தது கொரோனா காலத்தில். வந்தது என்றால் ஆள் வரவில்லை, அவள் விளைவித்த முட்டைக்கோஸ் வந்தது. ஊரடங்கில் காய்கறி ஏற்ற பாஸ் வாங்கி வைத்திருந்த சீனு அண்ணன், மெஸ்ஸுக்கு ஏதாவது கிடைக்குமா என்று ஆனேக்கல் பக்கம் போனார். சந்தாபுராவுக்கும் அத்திபெலேக்கும் நடுவே உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே கோவிந்தப்பாவும் அவர் மனைவி எல்லம்மாவும் நல்ல நல்ல முட்டைக்கோஸாக வெட்டி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மார்க்கெட் மூடிவிட்டது, வியாபாரி போனை எடுக்கவில்லை. சீனு அண்ணன் வண்டி கொள்ளும் மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தார். கம்பெனி மூடி, சம்பளம் இல்லாமல், ஊருக்கும் போக முடியாமல் அறைகளில் அடைந்து கிடந்த எங்களுக்கு சொர்ணக்கா அதை வைத்துச் சமைத்துப் போட்டாள். பொரியல், கூட்டு, சாம்பார் எல்லாவற்றிலும் முட்டைக்கோஸ். அந்த வாசனை இன்றைக்கு அடித்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும். பசித்த வயிற்றுக்குச் சோறு போட்டவர்களை அவ்வளவு சுலபமாக மறக்க முடியுமா?

அன்று தொடங்கிய போக்குவரத்து நிற்கவே இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வண்டி போகும். கீரை, பீன்ஸ், முள்ளங்கி, கொத்தமல்லி, பீட்ரூட் என்று அந்த வாரம் நிலம் எதைக் கொடுக்கிறதோ அது வரும். தெருவில் சேர்ந்திருக்கும் வீடுகள் அதைப் பகிர்ந்துகொள்ளும். இன்னது வேண்டும் என்று கேட்பதில்லை. பனிக்காலத்தில் அவரைக்காய் வந்தால் தெரு முழுக்க அவரைக்காய் உரிக்கும்.

வண்டி போகும்போது வெறுமனே போவதில்லை. எங்கள் வீடுகளின் காய்கறித் தோலும் பழத் தோலும் டிரம்களில் நிறைந்து எல்லம்மாவின் குப்பைக் குழிக்குப் போகும். அதைக் காவல் காக்க மூன்றாம் மாடி லாவண்யா தானாகவே பொறுப்பேற்றுக்கொண்டாள். ஐடி கம்பெனியில் வேலை, சொந்த ஊர் ஈரோடு. ஆப்பிள் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரிக்காமல் போட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். டீ பேக்கின் பின்னை எடுத்துக் காட்டி, இது மாட்டின் வயிற்றில் போனால் என்ன ஆகும் என்று எங்களைப் பள்ளிப் பிள்ளைகளைப் போல நிற்க வைத்துக் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பயந்து நாங்கள் பிளாஸ்டிக்கை டிரம் பக்கமே கொண்டுபோக மாட்டோம்.

இத்தனை காவலையும் தாண்டி ஒன்று போயிற்று. அதை யாரும் குப்பை என்று நினைக்கவில்லை, அதனால்தான்.

பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கினால் மொட்டை மாடி சொர்ணக்காவுக்குச் சொந்தம். துணி காயப் போட இடம் கேட்டு மற்றவர்கள் கெஞ்ச வேண்டும். மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், சுண்டைக்காய் வற்றல் எல்லாம் அவள் போடுவாள்; ஓட்டல்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறவைக்க வேண்டும். பகலில் எடுத்துக் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மிளகாய் வெளுத்துக் காய்ந்து கலகலக்கும் வரை இந்தப் பாடு. வருஷம் முழுக்கக் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் உப்பைக் கை நிறைய அள்ளித்தான் போட வேண்டும். கடைசியில் அண்டாவில் கொஞ்சம் மோர் மிஞ்சும். முன்பெல்லாம் அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மோரை இப்படிக் கொட்டுகிறோமே என்று வருத்தப்படுவாள்.

ஒருமுறை காய் இறக்கும்போது சீனு அண்ணன், எல்லம்மா பீன்ஸ் செடிக்குப் புளித்த மோர் தெளிக்கிறாள், பூச்சிக்கு அது நல்ல மருந்தாம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். சொர்ணக்காவுக்கு அது போதும். அடுத்த வண்டியிலேயே ஒரு வெள்ளைக் கேன் நிறைய மிளகாய் மோர் போயிற்று. அதற்குப் பிறகு போகிற ஒவ்வொரு வண்டியிலும் போயிற்று. எல்லம்மாவும் நன்றி மறக்கிற ஆள் இல்லை. பட்டணத்திலிருந்து சொர்ணம்மா தன் செடிக்கென்று எடுத்து வைத்து அனுப்புகிறாள் என்று அந்த மோரில் ஒரு சொட்டும் வீணாக்காமல், தண்ணீர் கலந்து, இலையில் தெளித்தது போக எல்லாப் பாத்தியிலும் சொம்பு சொம்பாக வேரில் ஊற்றியிருக்கிறாள். இலைக்கடியில் இருந்த அசுவினிப் பூச்சியும் ஓடிப்போயிற்று. மிளகாய்க் காரத்தில் எந்தப் பூச்சி நிற்கும்? மோர் அபாரம் என்று செய்தி வந்தது. சொர்ணக்கா அன்றைக்கு மெஸ்ஸில் எல்லாருக்கும் பாயசம் போட்டாள்.

மாசி பிறப்பதற்குள் பீன்ஸ் இலை ஓரம் கருகத் தொடங்கியது. பிறகு கீரை முளைக்க மறுத்தது, கொத்தமல்லி மஞ்சளாகிப் படுத்துவிட்டது. கூடைகள் வாரா வாரம் சிறுத்துக்கொண்டே வந்தன. பீட்ரூட் மட்டும் எதுவும் நடக்காததுபோல வந்துகொண்டிருந்தது. வெயில்தான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு எல்லம்மாவே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்: போர்வெல் தண்ணீர் கெட்டுவிட்டது.

அப்படி நினைக்க அவளுக்கு நியாயம் இருந்தது. அந்த ஊரில் கம்பெனிக் கழிவு இறங்கும் ஏரியை ஒட்டி நிலம் வைத்திருந்த இரண்டு மூன்று பேருக்கு அப்படித்தான் தண்ணீர் நுரைத்து, நிறம் மாறி, கடைசியில் நிலத்தை லாரி நிறுத்தும் யார்டுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது தங்கள் முறை வந்துவிட்டது என்று கோவிந்தப்பா பேச்சையே குறைத்துக்கொண்டார். சொந்தப் போர்வெல்லை வாசலில் வைத்துக்கொண்டு குடிக்கக் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லம்மா ஒருநாள் வண்டியில் எதையும் ஏற்ற மறுத்துவிட்டாள். கெட்ட தண்ணீரில் வளர்ந்ததை உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எப்படி அனுப்புவேன் என்று சீனு அண்ணனிடம் அழுதிருக்கிறாள்.

அவள் மகன் மஞ்சுநாத் அத்திபெலேயில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். நல்ல பையன்தான். அப்பா அம்மா படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் யார்டுக்காரரிடம் பேசிவிட்டான். நிலத்தை மேடு தட்டி, கட்டட இடிபாட்டைக் கொட்டி, ரோலர் ஓட்டி லாரி நிறுத்துவார்கள். இடிபாடு விழுந்த மண்ணில் பிறகு எதுவும் விதைக்க முடியாது. யுகாதி கழிந்து வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று.

யுகாதிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனது கேட்காமல் சொர்ணக்கா புறப்பட்டாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். செடிக்கு உடம்பு சரியில்லை என்றதும் அவளுக்குத் தோன்றியது இன்னும் கொஞ்சம் மருந்து கொண்டுபோவது. வழக்கமான கேனை விடப் பெரிய கேனாகத் தேடிப் பிடித்து மோர் நிரப்பியிருந்தாள். சீனு அண்ணனோடு மூன்று பேரும் வண்டியின் முன் சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம்.

வாசலுக்கு ஓடிவந்த எல்லம்மாவைப் பார்த்து எனக்கு மனசு கனத்தது. ஆள் பாதியாகியிருந்தாள். இருந்தும் கேனைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்தது. ஒரு சொம்பில் மோரை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கலந்து, எங்கள் கண்ணெதிரிலேயே பாத்திக்குக் கொண்டுபோய், மிச்சம் நின்றுகொண்டிருந்த ஒரு வரிசை பீன்ஸுக்கு ஊற்றினாள். பாத்தியில் ஈரம் காய்ந்த இடமெல்லாம் மண் மேலே வெள்ளை பூத்துக் கிடந்தது.

கொட்டகையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நேரே பாத்திக்கு வந்தது. செடியை மேயவில்லை. முன்னங்காலை மடக்கிக் குனிந்து மண்ணை நக்கத் தொடங்கியது. கோவிந்தப்பா வந்து இழுத்தார்; அது நாக்கை நீட்டிக்கொண்டே போயிற்று. இப்போதெல்லாம் இதே வேலையாகத் திரிகிறது, மண் தின்கிற வியாதி வந்திருக்கிறது, அதற்கும் இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று எல்லம்மா சொன்னாள்.

சொர்ணக்கா பாத்தியில் இறங்கினாள். குனிந்து செடியைப் பார்ப்பதுபோல ஒரு துளி மண்ணை எடுத்தாள். திரும்பி நின்று அதை நாக்கில் வைத்ததை நான் மட்டும் பார்த்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

அன்று சாப்பாட்டில் அவள் கையை நனைத்தாள், அவ்வளவுதான். திரும்பும்போது சந்தாபுரா நெரிசல் வந்தது, பொம்மசந்திரா வந்தது, எலக்ட்ரானிக் சிட்டியும் வந்தது; சொர்ணக்கா வாய் திறக்கவில்லை. சீனு அண்ணன் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டி, உடம்புக்கு என்ன என்று கேட்டார். போங்க என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் மாடியில் வற்றல் அள்ளும்போது விஷயம் வெளியே வந்தது. சீனு அண்ணன் கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கம்முனு இருந்துடு சொர்ணம். நீ போயி சொன்னா செத்த செடி எழுந்து நிக்கப்போவுதா?"

"அதுக்கு இல்லங்க."

"கட்டிக் காத்த தோட்டத்தை நம்ம கையால அழிச்சிட்டோம்னு தெரிஞ்சா அந்தப் பையன் சும்மா இருப்பானா? நம்ம தெருவுல என்னா பேசுவாங்க? அந்தக் குடும்பத்து வாயில மண்ணைப் போட்டவன்னு பேசுவாங்க. நாளைக்கு உன் மோர் மொளகாயை எவன் வாங்குவான்?"

"வாங்காட்டிப் போறான்."

"அவங்களே நெலத்தைக் குடுக்கறதுக்கு ஒத்துக்கிட்டாங்க. வயசான காலத்துல மாசாமாசம் வாடகை வரும். ஒக்காந்து சாப்புடட்டுமே."

சொர்ணக்கா மிளகாய் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவங்க ஆசைப்பட்டுக் குடுத்தா நான் ஏங்க கேக்கறன்? தண்ணி கெட்டுப்போச்சுன்னு நெனச்சி இல்ல குடுக்கறாங்க. தண்ணி கெடல. அது இந்த ஒலகத்துல எனக்குத்தான் தெரியும். தெரிஞ்சிக்கிட்டு எப்படிங்க சோறு திங்கறது?"

சீனு அண்ணன் முறத்தை எடுத்து மிச்ச மிளகாயை அள்ளத் தொடங்கினார். அவர் நல்லவர்தான்; பெண்டாட்டிக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று தவித்தார், அதில் தப்பு சொல்ல முடியாது.

தெரிந்தது வேறு, போய்ச் சொல்வது வேறு. திங்கள், செவ்வாய் என்று நாள் போனது. சொர்ணக்காவின் சாம்பார் அடிப்பிடித்தது. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தின்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை, அந்த அளவுக்கு அவர்களுக்குப் புத்தி இருந்தது. வியாழக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் புடவை மாற்றி வாசலில் நின்றாள். துணைக்கு வருகிறாயா என்று கேட்டாள். கம்பெனிக்குப் போன் செய்து வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கீழே வேலை செய்கிற பெண்கள் இந்தக் காரணத்தைச் சொன்னால் நான் நம்புவதே இல்லை.

மெட்ரோவில் பொம்மசந்திரா வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே ஓசூர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் மடியில் பையில்லை, கூடையில்லை. இத்தனை வருஷத்தில் சொர்ணக்கா வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போனதை நான் பார்த்ததே இல்லை. எதைக் கொண்டுபோனாலும் அதற்கு ஈடு ஆகாது என்று நினைத்திருப்பாள்.

அங்கே மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். மஞ்சுநாத் லீவு போட்டிருந்தான். மறுநாள் வருகிறவர்களுக்காக எல்லைக் கல்லைச் சுற்றிப் புல் செதுக்கிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எல்லம்மா பாய் எடுக்க உள்ளே ஓடினாள். சொர்ணக்கா உட்காரவில்லை.

"எல்லக்கா, பாயி வேணாம். நான் ஒண்ணு சொல்லணும். கேட்டப்புறம் வெளிய போடின்னாலும் போயிடறன்."

எல்லம்மா பாயைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"உங்க தண்ணி கெடல. நான் குடுத்து விட்டன் பாருங்க மோரு, அதுல உப்பு. மொளகாய் ஊற வெக்கறதுக்குக் கை கையா அள்ளிப் போட்ட உப்பு. நல்லதுன்னு நெனச்சி அனுப்புனன். நீங்களும் நல்லதுன்னு நெனச்சி ஊத்துனீங்க. அதுதான் செடியைச் சாவடிச்சிருக்குது. அன்னைக்கு மண்ணைத் தொட்டு நாக்குல வெச்சிப் பாத்தன். அப்பவே சொல்லியிருக்கணும். தைரியம் வரல."

கோவிந்தப்பா கன்னடத்தில் மெதுவாக ஒரே வார்த்தை கேட்டார்: "நீரு?"

"தண்ணிக்கு ஒண்ணும் இல்லண்ணா. தொட்டி ஓரத்துல வாழை நிக்குதே, அதுவும் அதே தண்ணியத்தான குடிக்குது? எப்படி கெடக்குது பாருங்க. நான் அனுப்புன மோரு எங்கெங்க போச்சோ அங்கதான் கருகியிருக்குது. கன்னுக்குட்டி மண்ணைத் திங்கல, உப்பை நக்குது."

மஞ்சுநாத் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பாத்திக்குப் போனான். பீன்ஸ் நின்ற இடத்தில் மண் எடுத்து நாக்கில் வைத்தான். முகத்தைச் சுளித்துத் துப்பினான். வாழை அடியிலிருந்து ஒரு துளி எடுத்து வைத்தான். அதைத் துப்பவில்லை, நேரே திரும்பி வந்தான்.

"ஒரு மாசமா எங்கம்மா அழுதுட்டு இருந்தாங்க ஆன்ட்டி. ராத்திரி எழுந்து ஒக்காந்துக்குவாங்க. அப்பா சரியா ஊட்டாவே பண்ணல, தட்டுல சோறு அப்படியே கெடக்கும். கேன் நீரு வாங்கிக் குடிச்சோம். நீங்க சும்னே ஒரு வார்த்தை, இதுல உப்பு இருக்குன்னு சொல்லியிருந்தா?"

"சொல்லணும்னு தெரியலப்பா. மோருன்னா உப்பு இருக்கும்னு எனக்கு அது ஒரு விஷயமாவே தோணல. தப்புதான்."

"மஞ்சு, நில்லு," என்றாள் எல்லம்மா.

பாயைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டிக்கு நடந்தாள். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம். குழாய் முனையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து வாயில் ஊற்றிக்கொண்டாள். கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள். இன்னொரு கை பிடித்துக் குடித்தாள். பிறகு தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். அழுகிறாளா முகம் கழுவுகிறாளா என்று தெரியவில்லை.

திரும்பி வந்து ஈரக் கையாலேயே சொர்ணக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நெஜமா சொல்றீங்களா சொர்ணம்மா? நீரு கெடலியா?"

"கெடல எல்லக்கா. உங்க தண்ணி நல்ல தண்ணி."

"இதைச் சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"திட்டுங்க எல்லக்கா. நாலு வார்த்தை திட்டுனா எனக்கு மனசு லேசாவும்."

"ஏன் திட்டணும்? செடி போனா வெதை போட்டுக்குவேன். நீரு போனா என்னா போடறது? நாளைக்கு இந்நேரம் வந்திருந்தா ஆய்த்து, முடிஞ்சிருக்கும், கையெழுத்துப் போட்டிருப்போம். நீங்க வாயை மூடிட்டு வீட்ல இருந்திருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு என்னா நஷ்டம்?" பிடித்திருந்த கையை விட்டுக் கும்பிட்டாள். "எங்க வீட்டு தேவரு, குலசாமி மாதிரி வந்து நின்னுட்டு, திட்டுன்னு சொல்றீங்களே."

சொர்ணக்கா அங்கேயே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். வழியெல்லாம் வசை கேட்கத் தயாராக வந்தவள். வசையைத் தாங்கியிருப்பாள், இதைத் தாங்க அவளால் முடியவில்லை. நானும் அழுதேன், சொல்வதற்கென்ன. என் வாழ்நாளில் ஒருவர் தப்பை ஒப்புக்கொண்டதற்கு இன்னொருவர் கையெடுத்துக் கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

விவசாயத்துக்கு விடுகிற த்ரீ பேஸ் கரெண்ட் அந்த நேரம் பார்த்து வந்தது. கோவிந்தப்பா போய் மோட்டாரைப் போட்டார். உப்பை இறக்க வேண்டுமென்றால் பாத்தி நிறைய நல்ல தண்ணீரைக் கட்டி, அது மண்ணில் இறங்க இறங்கத் திரும்பக் கட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார். பல நாள் கழித்து அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அது என்று எல்லம்மா பிறகு சொன்னாள். மஞ்சுநாத் சிறிது தூரம் தள்ளிப் போய்ப் போனில் யாரிடமோ பேசினான். மரியாதையாக, வேண்டாம் சார் என்று கன்னடத்தில் இரண்டு முறை சொன்னது காதில் விழுந்தது. பிறகு பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, அதே மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் மடையை வெட்டிவிட்டான். சொர்ணக்காவின் பக்கம் இன்னும் அவன் சரியாகத் திரும்பவில்லை. ஆனால் தண்ணீர் அவள் காலை நனைக்கப் போவதைப் பார்த்து, "தள்ளி ஒக்காருங்க ஆன்ட்டி," என்றான்.

பிறகு எங்கள் தெருவில் நடந்தது தனிக் கதை. சொர்ணக்கா தானே எல்லா வீட்டையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். லாவண்யாவுக்குத் தன் காவலில் இப்படி ஒன்று தப்பிப் போயிற்றே என்று பெரிய வருத்தம். மறுநாளே டிரம் மேல் உப்பு, ஊறுகாய், அப்பளம் எதுவும் போடக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டாள். மழை வந்து மண் தேறும் வரை எல்லம்மாவிடம் விளைந்ததெல்லாம் உப்பைத் தாங்கும் பீட்ரூட்டும் பாலக்கும்தான். நாங்கள் மாதக்கணக்கில் அதையே தின்றோம். மெஸ் பையன் ஒருவன் பீட்ரூட் சட்னியைப் பார்த்து முகம் சுளித்ததற்கு, கூட இருந்தவர்களே அவனை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். ஒரு வீடுகூட விலகவில்லை. எல்லம்மாவின் முட்டைக்கோஸில் உயிர் பிழைத்த தெரு அது. மோரும் நிற்கவில்லை. உப்புப் போடுவதற்கு முன்னால் எல்லம்மாவின் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் சொர்ணக்கா அண்டாவில் இப்போது கை வைக்கிறாள்.

தண்ணீர் கட்டிய அந்த வியாழக்கிழமை மதியம் எங்களைச் சாப்பிடாமல் விட எல்லம்மா சம்மதிக்கவில்லை. நான்கு பாத்தியில் தண்ணீர் நின்று பளபளத்துக்கொண்டிருந்தது. நாங்கள் வரிசையாக உட்கார்ந்தோம். ராகி முத்தை என்கிற களி உருண்டையும், பீட்ரூட் கீரை வேகவைத்த தண்ணீரில் செய்த பஸ்ஸாரு என்கிற சாறும். காலையில் நடந்ததை நினைத்துக்கொண்டே அவள் சமைத்திருக்க வேண்டும். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, சாற்றில் உப்பே இல்லை.

மஞ்சுநாத் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். கோவிந்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் சொர்ணக்காவைப் பார்த்தேன். நாக்கு அவ்வளவு கூர்மை அவளுக்கு. கல்யாணப் பந்தியிலேயே உப்புப் போதாது என்று எழுந்து நின்று சொன்னவள். அன்று தலையைக் குனிந்துகொண்டு, சப்பென்ற சாற்றில் உருண்டையைத் தோய்த்துத் தோய்த்து, சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் உப்பு என்ற வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

எல்லம்மா கடைசியாகத் தன் தட்டில் கை வைத்தாள். ஒரு வாய் வைத்தவள் நிறுத்தினாள். சுற்றி எல்லார் முகத்தையும் பார்த்தாள், பிறகு சொர்ணக்காவை. எழுந்து உள்ளே போய் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகனைத் தாண்டி, புருஷனைத் தாண்டி, நேரே சொர்ணக்காவிடம் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"கேக்கறதுக்கு என்னா? உங்க வீடு இது," என்று சொல்லி, கல் உப்பை விரலால் எடுத்து அவள் தட்டில் தன் கையாலேயே போட்டுக் கலந்துவிட்டாள்.